மூல நிரலிலிருந்து தரவுத்தள வழங்கி: தமிழ் அகரவரிசையை முன்வைத்து

ஷா ஆலம் இன்று சிலாங்கூரின் தலைநகரம். 1963இல் திட்டமிட்ட நகராக அது எழுவதற்கு முன்னர், சுங்கை ரெங்கம் என வழங்கிய இப்பகுதி ரப்பரும் செம்பனையும் நிறைந்த தோட்டக்காடாக இருந்தது. அத்தோட்டங்களோடு ஒரு சொல்லுலகமும் வாழ்ந்தது. பெரட்டு, கிராணி, தண்டல், ஒட்டுப்பால், கட்டிப்பால், ஆயாக்கொட்டகை என நீளும் அச்சொற்களை இன்று நாவில் வைத்திருப்போர் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதிவைத்தோர் பலர். இப்போது அக்குறிப்பேடுகள் கணினிக்கு மாறி வருகின்றன. மாறும்போது சொற்கள் முழுமையாக வந்து சேர்கின்றனவா என்று மட்டுமே நாம் பார்க்கிறோம். வந்து சேர்ந்த சொல்லைத் தேடினால் கிடைக்குமா என்பது வேறொரு கேள்வி. இக்கட்டுரை அக்கேள்வியைப் பற்றியது.

தோட்ட வாழ்வில் மிகுதியாகப் புழங்கிய சொல் 'பால்' என்பதாகவே இருக்கும். மரத்தில் வடிவதும், வாளியில் சுமப்பதும், நிறுத்துக் கூலி பெறுவதும் அதுதான். பால், பாலம், பாலை என்னும் மூன்று சொற்களை நம் அகரமுதலிகள் இதே வரிசையில்தான் வைக்கும். ஆனால், தமிழ் விதி எதுவும் கற்பிக்கப்படாத ஒரு தரவுத்தளம் பாலம், பாலை, பால் என்று வரிசைப்படுத்தும். மரம், மலை, மழை, மறை, மனம் என்னும் வரிசை அதன் கையில் மனம், மரம், மறை, மலை, மழை என்றாகிவிடும். அச்சுக்கு அனுப்பும் முன்பு யாரேனும் கைப்படத் திருத்திக்கொள்ளலாம் என்று எண்ணத் தோன்றும். வரிசை என்பது அச்சுக்கான ஒப்பனை மட்டுமாயின் அது போதும். தரவுத்தளத்தில் அது அவ்வாறில்லை.

வரிசையும் தேடலும்

நூறாயிரம் சொற்கள் கொண்ட அகராதியில் ஒரு சொல்லைக் காண நாம் முதற்பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நடுவில் திறக்கிறோம், நாடும் சொல் முன்னதா பின்னதா என முடிவு செய்கிறோம், மீண்டும் பாதியில் திறக்கிறோம். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துச் சென்றால் 17 ஒப்பீடுகளுக்குள் நூறாயிரத்தில் ஒன்றை எட்டிவிடலாம். தரவுத்தள வழங்கியும் தன் சுட்டுவரிசையை இக்கோட்பாட்டின்படியே அமைத்துக்கொள்கிறது. சொற்கள் முன்பே வரிசையில் உள்ளன என்னும் நம்பிக்கையில்தான் அது தேடுகிறது. அடுக்கியபோது ஒரு வரிசை விதியும் தேடும்போது வேறொரு விதியும் இருந்தால், அது தவறான திசையில் திரும்பி, 'அப்படி ஒரு சொல் இல்லை' என்று அறிவித்துவிடும். சொல் உள்ளேதான் இருக்கும்; யாருக்கும் கிடைக்காது. அதே சொல்லை இன்னொருவர் மீண்டும் பதிவு செய்தால், இரட்டைப் பதிவைத் தடுக்க வேண்டிய காவலும் அதை உள்ளே விட்டுவிடும்.

இது கற்பனை அச்சம் அன்று. லினக்ஸ் இயங்குதளங்களில் வரிசை விதிகளைத் தாங்கி நிற்கும் அடிப்படை நூலகம் ஜிலிப்சி என்பது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த அதன் 2.28ஆம் பதிப்பு, உலகப் பொது வரிசைத் தரத்திற்கு ஏற்பத் தன் அட்டவணைகளைப் பெருமளவில் மாற்றியது. அதுவரை 11 என்பதற்குப் பின் வந்த 1-1 என்னும் சரம், மாற்றத்திற்குப் பின் முன்னால் வந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்தோர் தரவுத்தளத்தைத் தொடவே இல்லை. ஆயினும் அவர்களுடைய சுட்டுவரிசைகள் ஓசையின்றிப் பழுதாயின. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தைப் பயன்படுத்திய பலர் இதனை நேரில் எதிர்கொண்டனர்.

தமிழுக்கு இச்சிக்கல் ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதைச் சற்று விரித்துக் காண வேண்டும். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்கெனப் பொதுவாக வகுக்கப்பட்ட இஸ்கி அமைப்பைப் பின்பற்றித் தமிழுக்கு இடம் ஒதுக்கியது. தேவநாகரிக்கு ஏற்ற வரிசை அது. அதனால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையே ஜகரமும் அமர்ந்தன. அதைவிட ஆழமான வேறுபாடு மற்றொன்று. தமிழிலக்கணத்தில் மெய்யே முதல். அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய்யாகிறது. ஒருங்குறியிலோ அகரம் ஏறிய 'க' என்பதே அடிப்படை. புள்ளி என்பது அந்த அகரத்தை நீக்கும் பின்னொட்டு. எனவே 'க்' என்பது இரண்டு குறிகளாலானது. குறியெண்படி அடுக்கினால் 'கௌ' என்பதற்கும் பின்னே செல்கிறது. பக்கம் என்னும் சொல்லுக்கு முன்னே பகல் வருவதும், பட்டு என்பதற்கு முன்னே படம் வருவதும் இதனால்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியின் ஒழுங்கை இந்த அடுக்கு முற்றிலும் மீறுகிறது. ஆய்த எழுத்துக்கு அகரத்தைவிடக் குறைந்த எண் அமைந்துவிட்டதால், 'ஃ' முதலாக எழுதப்படும் பிறமொழிச் சொற்களெல்லாம் அகரத்திற்கும் முன்னே வந்து நிற்கும்.

தமிழ்நாடு அரசு 2010இல் அறிந்தேற்ற தஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கம் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தந்து இக்குறையை நீக்க முயன்றது. இலக்கண நோக்கில் அதன் நியாயத்தை நான் மறுப்பதில்லை. எனினும் அது ஒருங்குறியின் தனியார் பயன்பாட்டுப் பகுதியில் நிற்பதால் உலகப் பொதுப் புழக்கத்திற்கு வரவில்லை. குறியாக்கத்தை மாற்றக் காத்திருப்பதைவிட, வரிசை விதியைத் தனியே கற்பிப்பதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் துணிபு.

விதியைத் தாங்கும் நூலகம்

அவ்விதிகளைத் தருவது ஐசியூ என்னும் நூலகம். ஐபிஎம் நிறுவனம் 1999இல் திறந்த மூலமாக வெளியிட்ட இதனை 2016 முதல் ஒருங்குறிச் சேர்த்தியமே பேணி வருகிறது. எல்லா எழுத்துகளுக்குமான பொது வரிசை அட்டவணை ஒன்றும், மொழிதோறும் அதன்மேல் ஏற்றும் சிறப்பு விதிகளும் இதில் உள்ளன. பொது அட்டவணையே ற, ன ஆகியவற்றை வல்லின மெல்லின மரபுப்படி இறுதிக்குக் கொண்டுசென்று, ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகளை அவற்றிற்கும் அப்பால் வைக்கிறது. அதன்படி ஷா ஆலம் ஊர்ப்பட்டியலின் கடைசியிலும் ஜொகூர் அதற்குச் சற்று முன்னும் வரும். மலாக்காவும் பினாங்கும் தத்தம் இடத்தில் நிற்கும். மெய்யை உயிர்மெய்க்கு முன் நிறுத்துவதற்குத் தமிழ்ச் சிறப்பு விதிகளும் தேவை.

போஸ்ட்கிரெஸ்கியூஎல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986இல் தொடங்கிய ஆய்வுத் திட்டத்தின் வழித்தோன்றல்; 1996 முதல் இப்பெயரில் வழங்குகிறது. 2017இல் வந்த 10ஆம் பதிப்பு ஐசியூ விதிகளை ஏற்கத் தொடங்கியது. 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து தரவுத்தளம் முழுமைக்கும் அவற்றையே இயல்பு விதியாக வைத்துக்கொள்ள முடிகிறது. அதனினும் பயனுள்ளது ஒன்று உண்டு: எந்த விதிப்பதிப்பைக் கொண்டு சுட்டுவரிசை அடுக்கப்பட்டது என்பதை வழங்கி குறித்துவைக்கிறது, பின்னர் நூலகம் மாறினால் எச்சரிக்கிறது. சுட்டுவரிசைகளை மீள அடுக்கி, அதன் பின்னரே புதிய பதிப்பை ஏற்றதாகப் பதிவு செய்ய வேண்டும். முன்பின்னாகச் செய்தால் எச்சரிக்கை அடங்கும்; பழுது அடங்காது.

ஏன் நாமே கட்ட வேண்டும்

ஆயத்தமான பொதிகள் கிடைக்கும்போது மூல நிரலிலிருந்து கட்டுவது எதற்கு என்று கேட்கலாம். உண்மையில், பள்ளி நூலகப் பட்டியல் போன்ற சிறு பணிகளுக்குப் பொதியே போதும். அதனை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால், பொதியாக வரும் வழங்கி இயங்குதளத்தின் ஐசியூ நூலகத்தைச் சார்ந்திருக்கும். இயங்குதளம் புதுப்பிக்கப்படும் நாளை நாம் தீர்மானிப்பதில்லை. அன்று வரிசை விதியும் மாறக்கூடும். பல்லாண்டு நீடிக்க வேண்டிய சொல்லடைவுக்கு, குறித்த ஓர் ஐசியூ பதிப்பைத் தனியே கட்டி, அதனோடு பிணைத்த வழங்கியை வைத்துக்கொள்வது பாதுகாப்பு. மாற்றம் நாம் குறிக்கும் நாளில் மட்டுமே நிகழும்.

கலைச்சொல் பற்றி ஒரு குறிப்பு. 'கம்பைல்' என்பதற்குத் 'தொகுத்தல்' என்னும் சொல் பரவலாக ஆளப்படுகிறது. அகராதி தொகுப்பதும் அதுவே, நிரலை மாற்றுவதும் அதுவே என்றால் இத்தகைய கட்டுரையில் குழப்பமே மிஞ்சும். மனிதர் படிக்கத்தக்க சி மொழி வாசகத்தைப் பொறிக்குரிய கட்டளையாக மாற்றும் செயலை 'நிரல்பெயர்ப்பு' என்றே இங்குக் குறிக்கிறேன். 'சர்வர்' என்பதற்குச் சேவையகம் என்பதினும் வழங்கி என்பது செயலைத் தெளிவாக உணர்த்துகிறது.

முதலில் கருவிகள். ஒரு சி நிரல்பெயர்ப்பி, குனூ மேக், பைசன், ஃபிளெக்ஸ், பெர்ல், நூலகங்களின் இருப்பிடத்தைச் சொல்லும் பேக்கேஜ்-கான்ஃபிக், இவற்றோடு ரீட்லைன், இசட்லிப் ஆகியவற்றின் மேம்பாட்டுக் கோப்புகள். பைசன், ஃபிளெக்ஸ், பெர்ல் மூன்றும் 17ஆம் பதிப்பிலிருந்து கட்டாயம். அடுத்து, மூல நிரல் பொதியை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி, உடன் தரப்படும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். (நம் ஊர்ப்பெயருக்கும் இந்த 'ஷா'வுக்கும் உறவு ஏதுமில்லை.) எண் ஒவ்வாவிடில் பொதி வழியில் சிதைந்தது அல்லது திருத்தப்பட்டது எனக் கொண்டு விலக்கிவிடலாம்.

ஐசியூவை முதலில் தனிக்கோப்புறையில் கட்டி நிறுவ வேண்டும். பின்னர் அதன் இருப்பிடத்தைச் சூழல் மாறி வழியே தெரிவித்து, போஸ்ட்கிரெஸ் கோப்புறையில் 'கான்ஃபிகர்' என்னும் நிரலை இயக்க வேண்டும். இது எதையும் கட்டுவதில்லை. நம் கணினியில் என்னென்ன உள்ளன, இல்லை என ஒவ்வொன்றாக வினவிக் குறித்துக்கொள்கிறது. 16ஆம் பதிப்புக்கு முன்னர் ஐசியூ வேண்டும் என்று இங்கே தனியே கேட்க வேண்டியிருந்தது. 16 முதல் அது இயல்பாகவே சேர்கிறது. நூலகம் அகப்படாவிட்டால் 'கான்ஃபிகர்' பிழை கூறி நின்றுவிடும். ஐசியூ வேண்டாம் என்று சொல்லிப் பிழையைத் தவிர்க்கும் வழியும் உண்டு. அவசரத்தில் பலர் அவ்வழியை நாடுகின்றனர். பிழை மறையும், அதனோடு தமிழ் வரிசையும் மறையும். எங்கு நிறுவ வேண்டும் என்பதையும் இப்போதே கூறலாம். கூறாவிடில் பயனர் கோப்புகளுக்கான பொது இடத்தில் 'பிஜிஎஸ்கியூஎல்' என்னும் கோப்புறையில் அமையும்.

அடுத்த கட்டளை 'மேக்'. நிரல்பெயர்ப்பு நிகழ்வது இங்கேதான். சில நிமிடங்கள் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். அது முடிந்ததும் 'மேக் செக்' என்னும் கட்டளை தற்காலிக வழங்கி ஒன்றை எழுப்பி, இருநூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்திக் காட்டும். இதைத் தவிர்த்துவிட்டு 'மேக் இன்ஸ்டால்' என்னும் நிறுவற் கட்டளைக்குத் தாவக் கூடாது. நிறுவிய பின் வழங்கிக்கெனத் தனிப் பயனர் கணக்கொன்று தேவை. முழு அதிகாரமுடைய முதன்மைக் கணக்கின்கீழ் இயங்க இவ்வழங்கி மறுத்துவிடும். பாதுகாப்புக்கென வேண்டுமென்றே வைத்த தடை அது.

'இனிட்-டிபி' என்னும் கட்டளை தரவுக் கோப்புறையை உருவாக்குகிறது. தமிழைப் பொறுத்தவரை இதுவே தீர்மானமான இடம். குறியாக்கம் யுடிஎஃப்-8 என்றும், வரிசை விதியின் ஊற்று ஐசியூ என்றும், மொழி தமிழ்-மலேசியா என்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கணினியின் சூழலில் உள்ளதை வழங்கி எடுத்துக்கொள்ளும். பிறகு 'பிஜி-கண்ட்ரோல்' கட்டளையால் இயக்கினால், 5432 என்னும் வாயில் எண்ணில் வழங்கி கேட்கத் தொடங்கும்.

பால், பாலம், பாலை, பக்கம், பகல், மரம், மலை, மழை, மறை, மனம், ஜொகூர், ஷா ஆலம் ஆகிய சொற்களைக் குலைத்து உள்ளிட்டு, வரிசைப்படுத்தித் தருமாறு கேட்பதே முதற்சோதனையாக அமையட்டும். பக்கம், பகல், பால், பாலம், பாலை, மரம், மலை, மழை, மறை, மனம், ஜொகூர், ஷா ஆலம் என வந்தால் அமைவு சரி. தாம் விரும்பும் மரபு இதிலிருந்து ஓரிடத்தில் வேறுபட்டால், 16ஆம் பதிப்பு முதல் சொந்த விதிகளையும் எழுதிச் சேர்க்கலாம். கிரந்த எழுத்துகளை எங்கே வைப்பது என்பதில் நம்மிடையே முழு ஒற்றுமை இல்லை என்பதால் இவ்வசதி பெறுமதியுடையது.

எழுத்தெண்ணிக்கையும் இரட்டை வடிவமும்

'தமிழ்' என்பதில் எத்தனை எழுத்துகள் என்று வழங்கியைக் கேட்டால் ஐந்து என்னும்; பைட்டுகள் எத்தனை எனில் 15 என்னும். நமக்கு மூன்று. 'சுப்பிரமணியம்' என்னும் எட்டெழுத்துப் பெயர் அதற்குப் 13 குறிகள். பெயர்க்கட்டத்திற்குப் பன்னிரண்டு எழுத்து எல்லை வைத்தவர் இப்பெயரை ஏற்க முடியாமற்போவது இதனால்தான். எல்லையை நம் எழுத்தெண்ணிக்கையின்படி வகுக்கலாகாது.

இதனினும் மறைவான இடர் ஒன்றுண்டு. 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, நேர்ஒப்பீட்டில் இரண்டும் வேறு. ஒருவர் உள்ளிட்ட 'கொட்டகை' இன்னொருவர் தேடும் 'கொட்டகை'யாக இராது. உள்ளிடும்போதே ஒரே வடிவத்திற்கு மாற்றும் செயற்கூறு 13ஆம் பதிப்பு முதல் வழங்கியிலேயே இருக்கிறது. 'ஔ' என்பதற்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டும் வழக்கத்தை மட்டும் எந்தச் செயற்கூறும் திருத்தாது. அதற்கு மெய்ப்பு நோக்குநரின் கண்தான் வேண்டும்.

பழைய கோப்புகளுக்குத் தனிக் கவனம் தேவை. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய முரசு அஞ்சல் வழியே கணினித் தமிழுக்கு முன்னோடியாக நின்ற நாடு மலேசியா. எனவே நம்மிடம் ஒருங்குறிக்கு முற்பட்ட கோப்புகளும் மிகுதி. தஸ்கி போன்ற எட்டுபிட்டுக் குறியாக்கங்களில் கொம்பு, எழுதும் வரிசைப்படியே மெய்க்கு முன் சேமிக்கப்பட்டது. ஒருங்குறியில் அது மெய்க்குப் பின் வரும். குறியை மாற்றுவதோடு இடத்தையும் மாற்றும் கருவியைக் கொண்டே அவற்றைப் பெயர்க்க வேண்டும்.

மூல நிரலைத் திறந்து வைத்திருப்பதில் ஒரு தனி மகிழ்ச்சியும் உண்டு. உரைத்தேடலுக்காகச் சொற்களைப் பிரிக்கும் கோப்பைப் படித்தால், நீண்ட எண்பட்டியல் ஒன்று காணப்படும். எழுத்து வகையில் சேராதவை, ஆயினும் சொல்லை உடைக்கலாகாதவை என்னும் விளக்கத்தோடு இந்திய மொழிகளின் உயிர்க்குறிகள் அதில் அடுக்கப்பட்டுள்ளன. தமிழின் காலும் கொம்பும் உகர ஊகாரக் குறிகளும் அங்கே உள்ளன. ஈகாரக் குறியும் புள்ளியும் அப்பட்டியலில் இல்லை. ஒருங்குறி அவ்விரண்டையும் தனியகலம் அற்றவையாக வகைப்படுத்துவதால், அகலமின்மையைச் சோதிக்கும் முந்தைய வரியே அவற்றைக் காத்துவிடுகிறது. இப்பட்டியல் இல்லையெனில் 'பாலை' என்பது பகரமும் லகரமுமாகச் சிதறக்கூடும். உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் காணும் மரபில் வந்த எவருக்கும், அதனைப் பிரிக்காமல் வைக்க எத்தனை வரி எழுத வேண்டியிருக்கிறது என்பது வியப்பளிக்கும்.

2019இல் வந்த 12ஆம் பதிப்பு முதல், தமிழ்ச் சொல்லின் விகுதிகளையும் உருபுகளையும் களைந்து அடியைக் காணும் பகுதியும் இத்துடன் வருகிறது. இது இலக்கணப் பகுப்பாய்வி அன்று. ஈறுகளை விதிப்படி வெட்டும் கருவி. மரம், மரங்கள், மரத்தில் என்பவற்றை ஒன்றாகக் கொள்ள அது முயலலாம். 'ஆறு' எண்ணா நதியா என அதனால் சொல்ல இயலாது. தோட்டச் சொற்களில் மலாயும் ஆங்கிலமும் கலந்திருப்பதால், வெட்டக்கூடாத ஈறு வெட்டப்படவும் இடமுண்டு. ஆகவே சொல்லடைவின் தலைச்சொற்களுக்கு இதனைப் பயன்படுத்தாமல், எடுத்துக்காட்டுத் தொடர்களைத் தேடுவதற்கு மட்டும் கொள்வது நலம்.

கட்டியவருக்குக் கடமைகளும் உண்டு. பொதியாக நிறுவியோருக்குத் திருத்தங்கள் தாமே வந்து சேரும், நமக்கு வாரா. பிப்ரவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் மாதங்களில் சிறுதிருத்தப் பதிப்புகள் வெளிவரும். ஒரு பெரும்பதிப்புக்கு ஐந்தாண்டுகள் ஆதரவு உண்டு. அம்மாதங்களில் புதிய மூல நிரலை இறக்கி, அதே ஐசியூவோடு மீண்டும் பிணைத்து, மேற்சொன்ன பன்னிரண்டு சொற்களை மறுபடியும் வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். முழுத் தரவையும் வெற்று உரைக்கோப்பாக எடுத்துத் தரும் 'பிஜி-டம்ப்' கட்டளையை வாரம் ஒருமுறையேனும் இயக்கி, அக்கோப்பை வேறு கட்டடத்திலுள்ள கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும். அக்கோப்பில் சொற்கள் மட்டுமே இருக்கும், அடுக்கிய சுட்டுவரிசை இராது. எந்த வழங்கியில் அதனை மீட்டாலும், அங்குள்ள விதிப்படி அடுக்கு புதிதாகவே கட்டப்படும்.